ஓடுறதெண்டால் வாளியோட ஓடுங்கோ, பொடியள்

உங்கடை ஓட்டக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டனான். ஞாயிறு விடிய இரணைமடுச் சந்தியிலை கூடி, ஒரே நிறச் சட்டை போட்டு, குளக்கட்டு மட்டும் ஓடிப்போய், கட்டு நெடுக மரம் நட்டு, குப்பை பொறுக்கிப்போட்டுத் திரும்பவும் ஓடி வாறதாம். நல்ல விசயம். சட்டைக்கு நிறம் தெரிஞ்சாச்சு, குழுவுக்குப் பெயர் வைச்சாச்சு, வட்ஸ்அப் தொடங்கியாச்சு, ட்ரோன் வைச்சிருக்கிற பொடியனையும் படம் பிடிக்க ஒழுங்கு பண்ணியாச்சு. மண்வெட்டி ஆர் கொண்டு வாறது எண்டு ஒரு பிள்ளை கேட்டதுக்கு மட்டும் இன்னும் ஒருத்தரும் மறுமொழி போடேல்லையாம். அந்தப் பிள்ளையைத் தலைவராப் போடுங்கோ. மிச்ச ஆக்கள் ஓடுங்கோ.

இது உங்கடை சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை எண்டதும் எனக்குத் தெரியும். லண்டனிலை இருக்கிற பேரன் போனிலை எல்லாம் சொல்லிப்போட்டான். ஐவோ கோர்ம்லி எண்ட ஒரு பொடியன் 2009இலை கிழக்கு லண்டனிலை ‘குட்ஜிம்’ எண்டு தொடங்கினவனாம். காசு கட்டி, கண்ணாடி அறைக்குள்ளை, ஒரு இடமும் போய்ச் சேராத பட்டியிலை ஓடி வேர்வையை வீணாக்கிறதுக்குப் பதிலா, ஓடிப்போய் ஆருக்காவது ஒரு கை குடுத்தால் என்ன எண்டு அவனுக்கு யோசினை வந்திருக்கு. இப்ப கூட்டமா ஓடிப்போய், ஊர்ப் பொதுத் தோட்டத்திலை களை பிடுங்கி, பசளை அள்ளிப் போட்டு, திரும்பி ஓடி வருவினமாம். சுவீடனிலை எரிக் ஆல்ஸ்ட்ரோம் எண்டவர் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கிறதுக்கு 2016 அளவிலை ‘பிளோகிங்’ எண்டு பெயர் வைச்சாராம். பெயர் வைச்ச உடனை அது உலகம் முழுக்கப் போயிட்டுது. எங்கடை ஆச்சி தினம் விடியக் கூனிக்கொண்டு முத்தமும் ஒழுங்கையும் கூட்டினவ. பெயர் வைக்காமல் செத்துப்போனா, பாவம்.

அதே 2009இலை நாங்களும் கூட்டமாத்தான் ஓடினனாங்கள், தெரியுமோ. பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு. ஒருத்தரும் சட்டை தரேல்லை. வழியிலை தண்ணிப் போத்தல் நீட்டவும் ஆள் இல்லை. அதாலை, காலமையிலை ஒரு காரணமும் இல்லாமல் சிரிச்சுக்கொண்டு ஓடுற பிள்ளையளைப் பாக்க எனக்கு உள்ளுக்கை சந்தோசம்தான். அதை முகத்திலை காட்டினால் நீங்கள் புத்தி கேக்க மாட்டியள் எண்டு உம்மெண்டு இருக்கிறன்.

கூடிப்போய் ஊர் வேலை செய்யிறது இஞ்சை புதிசில்லை. 1958இலை கொழும்பு நாளந்தாக் கல்லூரி வாத்தியார் ஆரியரத்ன தன்ரை மாணவரைக் கனத்தொலுவ எண்ட கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சர்வோதயத்தைத் தொடங்கினார். சிரமதானம் எண்ட பேச்சு நாடு முழுக்கப் புழங்கினது அதாலைதான். பிறகு 1970களிலை டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் காந்தியம் எண்ட அமைப்பை நடத்தினவை. கலவரத்திலை அடிபட்டு வந்த மலையகச் சனத்தை வவுனியாப் பக்கம் குடியேத்தினபோது எத்தினை இளம் பிள்ளையள் தொண்டரா வந்து அவையோட நிண்டவை. அவை வந்த அண்டே படம் எடுத்துப்போட்டுப் பஸ் ஏறேல்லை.

அதுக்கும் முன்னம் இருந்தே, வெள்ளாமைக்காரரிட்டை ஒரு ஒழுங்கு இருக்கு. காலபோகக் கூட்டம் வைப்பினம். எப்ப தண்ணி திறக்கிறது, எப்ப விதைக்கிறது எண்டு பேசி முடிச்சுப்போட்டு, வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிப்பினம். உன்ரை வயல் எவ்வளவோ, அந்த அளவுக்கு வாய்க்காலிலை உன்ரை பங்கு. வராதவன்ரை துண்டிலை புல்லு அப்பிடியே நிக்கும். ஊரே பாத்துச் சிரிக்கும். தண்ணி வரேக்கை அந்த இடத்திலைதான் அடைபடும், கீழ்வயல்காரன் மண்வெட்டியோட வந்து விசாரிப்பான். உங்கடை குழுவிலையும் அப்பிடி ஆளுக்கு ஒரு துண்டு பிரிச்சுக் குடுங்கோ. ‘எல்லாரும் சேர்ந்து பாப்பம்’ எண்டு விட்ட மரத்தை ஆடுதான் சேர்ந்து பாக்கும்.

இனி உங்கடை திட்டத்துக்கு வருவம். குளக்கட்டிலை மரம் நடப் போறியளாம். ஆர் உந்தப் பெரிய மூளைக்காரன்? மண்கட்டிலை மரம் நடக்கூடாது, ராசா. வேர் உள்ளுக்கை போகும், மரம் பட்டால் வேர் உக்கும், உக்கின வழியாலை தண்ணி கசியும். நீர்ப்பாசனத் திணைக்களம் கட்டிலை தானா முளைக்கிற மரத்தையே வெட்டித் துப்புரவாக்கிறது அதுக்குத்தான். கனகராயன் ஆறு கொண்டு வாற தண்ணி முழுக்க அந்தக் கட்டை நம்பித்தான் நிக்குது. கட்டிலை ஓடுங்கோ, காத்து வாங்குங்கோ, மண்வெட்டியைக் கீழை வைச்சிட்டுப் போங்கோ.

நடுறதுக்கு இடமோ இல்லை? சனசமூக நிலைய வளவு வெறுமையாக் கிடக்கு. பள்ளிக்கூட வேலியோரம் கிடக்கு. பிரதேச சபையிட்டையும் கிராம அலுவலரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ; இல்லாட்டி நீங்கள் நட்ட இடத்தாலை அடுத்த வருசம் குழாய் தாழ்க்க மெசின் வரும். என்னைக் கேட்டால் முதல் சுடலைப் பாதைக்கு நடுங்கோ. ஒரு முழத்துக்கு நிழல் இல்லை. நான் படுத்துக்கொண்டு போறவன், எனக்கு வெயில் தெரியாது. காவுற உங்களுக்குத்தான் சொல்லுறன்.

ஓடுற வழியிலை ‘குறுக்காலை விழுந்து போவம்’ எண்டு ஒருத்தன் சொல்லுவான். எல்லாக் குழுவிலையும் அப்பிடி ஒருத்தன் இருப்பான். அவன்ரை கதையைக் கேட்டுப் பத்தைக்குள்ளை இறங்காதேங்கோ. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலை இலங்கை சேர்ந்ததே 2017இலைதான். 2028க்குள்ளை எல்லாம் எடுத்து முடிக்கவேணும் எண்டு கெடு. முகமாலைப் பக்கம் எங்கடை பெட்டையள் முழங்காலிலை இருந்து, முகத்துக்கு மறைப்புப் போட்டு, மண்ணை விரல் விரலாச் சுரண்டி எடுத்தவளவை. அவளவை நாள் முழுக்கப் போன தூரத்தை உங்கடை கைக்கடிகாரம் கணக்கிலையே எடுக்காது. துப்புரவாக்கேக்கை கறள் பிடிச்ச இரும்பு ஏதும் கண்டால் பொறுக்கிப் பையிலை போடுற வேலை வேண்டாம். நிண்டு, வந்த அடியிலையே திரும்பி வந்து, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கோ. விடியாப்புறம் காட்டோர றோட்டிலை ஓடுறதும் அப்பிடித்தான். யானை குறுக்கை நிண்டால் உங்கடை ஓட்டச் சாதனை எல்லாம் அண்டைக்கே முறியும், ஆனால் சாட்சி சொல்ல ஆள் திரும்பி வரவேணுமே.

பாத்தீனியம் பிடுங்கப் போறம் எண்டு ஒரு பெட்டை சொன்னாள். அதுதான் உங்களுக்கேத்த வேலை, ஏனெண்டால் அது திரும்பத் திரும்ப வந்து செய்யவேண்டின வேலை. வெள்ளைப் பூப் பூத்து, கரட் இலை போட்டு, பாக்க வடிவாத்தான் நிக்கும். இந்தியன் ஆமியோட வந்த ஆடுகள் கொண்டு வந்தது எண்டு ஆக்கள் கதைக்கிறவை. ஆடு வந்த வழி எதுவோ, செடி போகேல்லை. ஒரு செடி ஆயிரக்கணக்கிலை விதை தள்ளும். பூக்க முன்னம், மழை பெய்து நிலம் ஈரமா இருக்கேக்கை, கையுறை போட்டு வேரோட பிடுங்கவேணும். வெறுங்கையாலை பிடுங்கினால் சொறி. பூத்த பத்தைக்குள்ளை ஓடி வந்து நிண்டு உழவு மாடு மாதிரி மூசினால் அந்தத் தூள் முழுக்க நெஞ்சுக்குள்ளை. இழுப்பு இருக்கிற பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ. பிடுங்கினதை அங்கையே குவிச்சு வைச்சிட்டு வந்தால் கிடந்தபடியே விதை கொட்டும். சப்பாத்தைத் தட்டிப்போட்டு வீட்டை போங்கோ, இல்லாட்டி உங்கடை ஓட்டப் பாதை முழுக்க அடுத்த மாரிக்கு வெள்ளைப் பூதான்.

மரம் எப்ப நடுறது எண்டு கேட்டால் ‘இந்த ஞாயிறு’ எண்டுறியள். இது ஆடி மாதம், மோனை. சோளகம் அடிச்சு மண் பறக்குது. வன்னியிலை மழை எண்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2013இலை வந்த வடக்கு மாகாண சபையிலை விவசாய அமைச்சரா இருந்த ஐங்கரநேசன் கார்த்திகையை மரநடுகை மாதம் எண்டு அறிவிச்சது சும்மா இல்லை. கார்த்திகையிலை நட்டால் மூண்டு மாதம் வானம் தண்ணி ஊத்தும். பிறகு பங்குனி தொடக்கம் புரட்டாசி வரைக்கும் நீங்கள் ஊத்தவேணும். அதுக்குள்ளை காண்டாவனமும் வரும். அப்ப உங்கடை வட்ஸ்அப்பிலை ஆர் இருப்பினம், ஆர் ‘வேலை அதிகம் அண்ணை’ எண்டு விலகியிருப்பினம் எண்டு நான் இப்பவே எழுதித் தாறன்.

முந்தி ஒரு முறை ஒரு திணைக்களத்தாலை வந்து எங்கடை றோட்டோரம் நட்டவை. பெரிய மனிசர் காறிலை வந்து இறங்கினார், கையிலை மண் பிரளாமல் கண்டை நட்டார், கைதட்டினம். கண்டு தை மாதமே வாடிப்போச்சு. நான் போய்ப் பிடிச்சு இழுத்தன். சுகமாக் கையோட வந்தது. பாத்தால், கறுத்தப் பொலித்தீன் பை கிழிக்காமல் அப்பிடியே இறக்கியிருக்கினம். வேர் வெளியாலை வர வழி தேடி, பையுக்குள்ளை சுத்திச் சுத்தித் தும்புக்கட்டையாக் கிடந்தது. பெயர்ப்பலகை மட்டும் நல்ல தகரம். இப்பவும் நிக்குது. அதின்ரை நிழலிலை ஒரு கோழி அடைகிடக்கிறது. நீங்கள் நடேக்கை பையைக் கிழியுங்கோ, பலகையைக் குறையுங்கோ. பலகைக்கு வைச்ச காசிலை நாலு கதியாலும் கொஞ்ச முள்ளுக்கம்பியும் வேண்டி வேலி அடையுங்கோ. கட்டாக்காலி மாடு பலகை வாசிக்காது.

தண்ணி ஊத்தப் பஞ்சி எண்டால் பனை போடுங்கோ. சண்டைக்குள்ளை பங்கருக்கெண்டு தறிச்சதும் செல்லிலை தலை போனதுமா எத்தினை பனை போச்சு. ஆவணி புரட்டாசியிலை பழம் விழேக்கை கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன்னம் ஒரு சாண் ஆழத்திலை புதைச்சு விட்டால் சரி. முதல் முளை மேலை வராமல் கீழை இறங்கும். வெளியாலை ஒண்டையும் காணேல்லை எண்டு கிண்டிப் பாக்கிற அவசரக்காரரை அண்டைக்கு ஓட விடுங்கோ, நட விடாதேங்கோ. முக்கியமா, ஒவ்வொண்டா இடைவெளி விட்டுப் போடுங்கோ. நெருக்கிப் போட்டியள் எண்டால் ஆச்சிமார் கிழங்குப் பாத்தி எண்டு நினைச்சுத் தையிலை கிண்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சுப்போடுவினம். நானும் ரெண்டு தின்பன், பொய் சொல்லேலாது. நீங்கள் போட்ட பனையிலை நுங்கு வெட்டிறதுக்கு நான் இருக்க மாட்டன். அதாலை கிழங்கிலை எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

குட்ஜிம்காரரிட்டை எனக்கு நல்லாப் பிடிச்ச சங்கதி ஒண்டு இருக்கு. அந்தப் பொடியன் முதல் முதல் ஓடிப்போனது தோட்டத்துக்கில்லை, வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாத ஒரு கிழவருக்குப் பத்திரிகை குடுக்கத்தானாம். பிறகு அங்கை ஓட்டக்காரர் சில பேர் தனிச்சிருக்கிற ஒரு கிழடுகட்டையிட்டைக் கிழமைக்கு ஒருக்கா ஓடிப்போய், குந்தி இருந்து கதைச்சிட்டு வருவினமாம். அந்தக் கிழவன் கிழவியைத்தான் ‘கோச்’ எண்டு சொன்னவையாம். ஏனெண்டால் அவை காத்துக்கொண்டு இருக்கிறபடியாலை, மழையோ பனியோ, இவை ஓடித்தானே ஆகவேணும்!

உங்கடை குழுவுக்குக் கோச் இன்னும் போடேல்லை எண்டு கேள்வி. நான் சம்பளம் கேக்கேல்லை. பிள்ளையள் ஜேர்மனியிலையும் கனடாவிலையும் எண்டு, தனிய இருக்கிற இன்னும் கனபேர் இந்த ஊரிலை இருக்கினம், அவையளையும் பிரிச்சு எடுங்கோ. எனக்குப் புதன்கிழமை தோதுப்படும். வந்தால் பிளேன் ரீயும் பனங்கட்டியும் தருவன், எந்த மண்ணுக்கு எந்த மரம் எண்டும் சொல்லுவன், ஓடுறது கூடாது எண்டும் ஒருக்காச் சொல்லுவன். வரேக்கை பத்திரிகை கொண்டு வாங்கோ. வேர்வைக் கையோட நடுப்பக்கத்தை விரிச்சு வாசிச்சுப்போட்டு மடிச்சுத் தாற வேலை மட்டும் வேண்டாம். மரண அறிவித்தல் கசங்கினால் எனக்குப் பிடியாது.