ஜெர்மனிப் பட்டிக்காட்டான்

சென்னையிலிருந்து கிளம்பிய வந்தே பாரத், சொன்ன நேரத்துக்குத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் நுழைந்தது. 2023 செப்டம்பரில் விட்ட ரயில். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உருண்டு வந்த தூரத்தை, இப்போது உட்கார்ந்தபடியே எட்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். அழைத்துப்போக வந்திருந்த சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்.

"பாத்தியால, அப்படியே ஜெர்மனி ரயில் மாதிரி டயத்துக்கு வந்துட்டு!"

நான் வாயைத் திறக்கவில்லை. 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு 62 சொச்சம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிஷத்துக்குக் குறைவான தாமதத்தை அவர்கள் தாமதமாகவே சேர்ப்பதில்லை. இதையெல்லாம் சொன்னால் சித்தப்பா மனசு உடைந்துவிடும். வருஷக்கணக்காகத் தெருவில் அவர் கட்டி எழுப்பி வைத்திருக்கும் ஜெர்மனி வேறு. அங்கே எந்த ஆபீஸிலும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, எல்லாம் ஒரு பட்டன். அவருடைய அண்ணன் மகன் ஒருநாள் லீவு போட்டால் பென்ஸ் கம்பெனி திண்டாடிப்போகும். நான் வேலை பார்ப்பது பென்ஸ் கம்பெனியிலேயே இல்லை.

மறுநாள் காலை பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டீ குடித்துவிட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். டீ மாஸ்டர் அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"காலங்காத்தால ஐநூறுக்குச் சில்லறைக்கு எங்க போவேன் அண்ணாச்சி? ஜிபே போட்ருங்க."

எதிலிருந்து போடுவது? என்னுடைய பழைய இந்திய சிம், ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. பேங்க் இன்னமும் விசுவாசமாக ஓடிபி அனுப்புகிறது, அந்த சிம்மின் ஆவிக்கு. நான் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பூக்கார ஆச்சி கூடையை இறக்கி வைத்தாள். பிச்சிப்பூவுக்கு நடுவே கியூஆர் அட்டை ஒன்று ஈரம் படாமல் பாலிதீன் உறைக்குள் செருகியிருந்தது. இடுப்பிலிருந்து போனை உருவினாள், நாலு தட்டுத் தட்டினாள். "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கல்லாப் பக்கத்துப் பெட்டி தெருவுக்கே முழங்கியது.

"எந்த ஊரு எய்யா?"

"ஜெர்மனி, ஆச்சி."

"அங்கன இதெல்லாம் இன்னும் வரலியோ?" அந்தக் குரலில் அப்படி ஒரு பரிவு.

வரவில்லைதான். நான் ரொட்டி வாங்கும் கடையில் இன்றைக்கும் காசுதான், கார்டு கிடையாது. கிழவிகள் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செண்ட் செண்டாக எண்ணி வைப்பார்கள். பின்னால் வரிசை மூச்சு விடாமல் நிற்கும்.

காசு என்றால், சித்தப்பா வீட்டு பீரோவில் எனக்கென்று கொஞ்சம் கிடந்தது: போன தடவை வந்தபோது வைத்துவிட்டுப் போன ரோஸ் கலர் 2000 ரூபாய்த் தாள்கள். 2016 நவம்பரில் பிறந்து, 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்த தாள். சட்டப்படி இன்னும் செல்லும், எந்தக் கடையிலும் செல்லாது. மாற்றுவதென்றால் ரிசர்வ் வங்கி ஆபீஸைத் தேடிச் சென்னைக்குப் போகணும், அல்லது மலையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு. தபாலில் அனுப்பவும் வழி வைத்திருக்கிறார்களாம். தபால் என்றதும் ஜெர்மனி ஞாபகம் வந்து எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அக்கா மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி வரப் பார்க்கிறான். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். "இறங்குனதும் மொதல்ல எந்த ஆப் போடணும் மாமா?" என்று கேட்டான்.

"ஆப் கிடக்கட்டும். ரெண்டு ஓட்டை போடுற பஞ்சிங் மெஷினும், தடியா ஒரு ஃபைலும் வாங்கு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வீட்டு முகவரியைப் பதியவே ஆபீஸுக்கு நேரில் போகணும் என்றேன். பேங்கிலிருந்து, இன்சூரன்சிலிருந்து, எங்கிருந்தும் கடிதமாக வரும் என்றேன். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லியும் ஒரு கடிதம் வரும். என் டாக்டர் இன்னொரு டாக்டருக்கு ரிப்போர்ட்டை ஃபேக்ஸில்தான் அனுப்புகிறார்.

"ஃபேக்ஸ்னா?"

சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "எங்க ஆபீஸ்ல ஒண்ணு கெடந்துச்சு. எடைக்குப் போட்டுட்டோம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷமாகக் கட்டிய ஜெர்மனியிலிருந்து ஒரு மாடி சரிந்தது தெரிந்தது.

அக்காவுக்கு அந்த மாதிரிக் கவலை எதுவும் இல்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, எனக்கு நன்றாகவே கேட்கும்படி மகனிடம் ரகசியம் சொன்னாள்:

"மாமா சொல்லுததை நம்பாதல. நீயும் அங்க போயிட்டேன்னா அவனுக்கு மவுசு கொறஞ்சிரும்லா, அதான்."