கட்டுவது லேசு

கற்பிட்டிக் கடலில் வலை விரிக்கிறவர்கள், வலை கிடக்கும் இடம் தெரியட்டும் என்று மிதவையில் ஒரு கம்பைச் செருகி, நுனியில் கைக்குக் கிடைத்த துணியைக் கட்டிவிடுவார்கள். பழைய சாரத்தின் துண்டு, பிள்ளையின் கிழிந்த சட்டை, சில வேளை தேர்தலில் தோற்ற கட்சியின் கொடி. அதற்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. ‘இங்க ஆள் இருக்கு, பாத்து ஓட்டு’ என்பதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டில் ஏன் தேசியக் கொடி கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு மேடையில் பெரிய பெரிய பதில்கள் சொல்வார்கள். எங்கள் தெருவைக் கேட்டால் இந்த வலைக்கொடிதான் விடைக்குக் கிட்டவாக வரும்.

மற்றப்படி எங்கள் கரையில் கொடிக்குப் பஞ்சமே இல்லை. உடப்பில் திரௌபதை அம்மனுக்குக் கொடியேறும். தலவிலவில் அன்னம்மாள் திருநாளுக்குக் கொடியேறும். கந்தூரிக்குப் பள்ளியில் கொடியேறும். வெசாக்குக்கு ஆறு நிறம், தேர்தலுக்குப் பச்சை, நீலம், சிவப்பு. இவை எல்லாம் விரும்பினவர் கட்டுவது. பெப்ரவரி நான்கு வேறு மாதிரி. இரண்டு நாளைக்கு முன்பே பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்துவிடும்: சுதந்திர தினத்தை முன்னிட்டு வீடுகளிலும் கடைகளிலும் தேசியக் கொடியை ஏற்றுமாறு அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம். அந்த ‘அன்பாக’ என்ற சொல்லைக் கேட்டதும் உம்மா அலமாரியைத் திறப்பார்.

அறிவித்தலை விடப் பலமானது எதிர்வீட்டு நானா. விடியச் சுபஹுக்குப் போகும்போதே தெருவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போவார். வரும்போது கேற்றடியில் நின்று, “என்ன தம்பி, ஒங்கட ஊட்டுல இன்னும் போடல்லயா?” என்பார். குரலில் குற்றம் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு கொடி கட்டாமல் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்காது. இருபது வீட்டில் கொடி பறந்தால் அந்த இருபதையும் ஒருவரும் பார்ப்பதில்லை. பறக்காத ஒன்றைத்தான் ஊரே பார்க்கும்.

வாங்குவதிலும் வேலை இருக்கிறது. புத்தளம் டவுனில் ஜனவரிக் கடைசியில் ரோட்டோரம் கயிறு கட்டிக் கொடிகளைத் தொங்கவிடுவார்கள். உம்மா விலை கேட்கும் முன் கொடியை விரித்து, கம்போடு கட்டும் பக்கத்தில் பச்சையும் செம்மஞ்சளும் இருக்கிறதா என்று பார்ப்பார். பச்சை எங்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. 2015இல் கொழும்பில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் இந்த இரண்டு பட்டியும் இல்லாத கொடி பறந்ததை டீவியில் பார்த்த நாளிலிருந்து வந்த பழக்கம். மீனின் செவுளைப் புரட்டிப் பார்க்கும் அதே முகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1948 ஜனவரியில், சுதந்திரத்துக்கு மூன்று கிழமை இருக்கையில், கண்டி அரசனின் சிங்கக் கொடியையே நாட்டுக்கு வைக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு எம்.பி. ஏ. சின்னலெப்பை. எங்கட ஆள்தான். பிறகு பண்டாரநாயக்க தலைமையில் குழு போட்டு, சிங்கத்துக்கு முன்னால் இரண்டு பட்டி சேர்த்தார்கள். குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படவில்லை. 1951 மார்ச்சில் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. சிங்கம் பட்டிகளைப் பார்த்தபடி வாளோடு நிற்கிறதே என்று அன்று தொடங்கிய முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. என் மூத்த மாமாவின் விளக்கம் வேறு: “அது நம்மள வெட்ட நிக்கல்ல மகன், காவலுக்கு நிக்கிது.” மாமா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து பென்ஷன் எடுக்கிறவர்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தப் பகிடிகள் கொஞ்ச காலம் நின்றன. மே மாதம் சிலாபத்தில் முகநூலில் எழுதிய ஒரு வரியில் தொடங்கிய குழப்பம் ஊரடங்காகி, வடமேல் மாகாணத்தில் கடைகளும் பள்ளிகளும் உடைபட்டன. அந்த நாட்களில் கொடி கட்டியவரிடம் ஏன் கட்டினாய் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அக்கரையில், இந்தியாவில், கதை தலைகீழ். தன் தொழிற்சாலையில் ஒவ்வொரு நாளும் மூவர்ணக் கொடியை ஏற்ற விடுங்கள் என்று நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் கோர்ட்டுக்குப் போய், உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி 2004இல் வென்றார். மாமாவிடம் சொன்னேன். “கட்ட விடுங்கன்னா கேஸ் போட்டாரு? காசு மிச்சம் போல” என்றார்.

கட்டுவது லேசு, இறக்குவதுதான் பெரும்பாடு. ஏற்றுவதற்குத் தேதி சொல்லும் ஒலிபெருக்கி இறக்குவதற்கு ஒன்றும் சொல்வதில்லை. ஐந்தாம் தேதி காலையிலேயே இறக்கினால், இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான் என்று ஆகிவிடும். ஆகவே எதிர்வீட்டு நானா இறக்கட்டும் என்று நாங்கள் பார்த்திருப்போம். நாங்கள் இறக்கட்டும் என்று அவர் பார்த்திருப்பார். மார்ச் வெயிலில் கருஞ்சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகும். கத்தாரிலிருந்து லீவில் வந்த மச்சான் ஒருவன் பார்த்துவிட்டு, அங்கே தேசிய தினமான டிசம்பர் 18இல் கார் முழுக்கச் சுற்றுகிற கொடி இப்படித்தான் இருக்கும் என்று மெச்சினான்.

பிறகு கச்சான் காற்று தொடங்கும். மாம்புரியில் காற்றாலை நட்டதும், வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்க வருவதும் சும்மாவா? கொடி எப்போதும் பறக்கிற முனையிலிருந்துதான் பிய்யும். முதலில் அந்தப் பக்கத்து அரசிலை இரண்டும் போகும். அடுத்தது சிங்கத்தின் வால், பின்னங்கால், முதுகு. வாள் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கம்போடு இறுக்கிக் கட்டிய பக்கம் என்பதால் கடைசிவரை நிற்பவை பட்டிகள் இரண்டும்தான். கொழும்பில் வெட்டியெடுத்ததைக் கற்பிட்டிக் காற்று மட்டும் விட்டுவைக்கிறது. நடேசன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு முறை நானாவின் கம்பில் செம்மஞ்சளும் உரிந்து, பச்சை மட்டும் மிஞ்சிவிட்டது. முஸ்லிம் வீட்டு வாசலில் தனிப் பச்சை! யாராவது ஃபோனில் படம் எடுத்துப் போட்டால், இது எந்த நாட்டுக் கொடி என்று பொலிஸில் விளக்க வேண்டி வரும். நானா அன்றே ஓட்டோ பிடித்து டவுனுக்குப் போய்ப் புதுக்கொடி வாங்கிவந்து கட்டினார். பழையதை இறக்கியது அதற்குள் அடங்கிவிட்டதால் அவர் முதலில் இறக்கியவராகவும் ஆகவில்லை. அந்த மூளை எங்களுக்கு வரவில்லை.

யாரும் சொல்லாமல் தெரு கொடி கட்டுவது கிரிக்கெட்டுக்கு மட்டும்தான். எதிரில் பாகிஸ்தான் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம். 2022 செப்டம்பரில் டுபாயில் ஆசியக் கிண்ண இறுதி. எங்கள் தெருவில் டாஸ் போடும் முன்பே எல்லாக் கம்பிலும் சிங்கம். 23 ஓட்டத்தால் வென்றதும் நானா வெடி கொளுத்தினார். அது உண்மையான சந்தோஷம், நான் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 17, அதே இறுதி, கொழும்பில், இந்தியாவோடு. சிராஜ் ஆறு விக்கெட் எடுத்தார். ஐம்பது ஓட்டத்துக்கு ஆள் முடிந்தது. இந்தியா ஏழாவது ஓவரிலேயே அடித்து முடித்தது. மஃரிப் தொழுதுவிட்டு வந்த நானா நேரே கம்படிக்குப் போய், மே மாதம் வாங்கிய கொடியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

“அம்பதுக்கு அவுட்டாகினா கொடி வெச்சிக்கி இரிக்க ஏலுமா?” என்று தெருமுனை வரை கேட்கும்படி சத்தம் போட்டார்.

“ஏலாது நானா, ஏலவே ஏலாது” என்று சொல்லிக்கொண்டே நானும் எங்கள் வீட்டுக் கம்புக்கு ஓடினேன். பெப்ரவரியில் கட்டியது.