சிங்க்கில் போன தபால்

வேண்டியதைத் தூக்கி எறிந்துவிட்டு வேண்டாததைப் பத்திரப்படுத்துகிறவன் என்று அம்மா என்னைப் பற்றிச் சொல்வாள். அப்படிப்பட்டவன் போயும் போயும் பிஹெச்.டி.க்கு எடுத்துக்கொண்டது எக்ஸோசோம்.

செல் தன் சவ்வையே உறையாக்கி, உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.யும் வைத்து வெளியே விடும் நுண்பை அது. அளவு 30 முதல் 150 நானோமீட்டர். செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்கள் இனித் தேவைப்படாத ஏற்பிகளை இப்படிப் பொட்டலம் கட்டி வெளியேற்றுவதை மான்ட்ரியாலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு 1983இல் கண்டது. வெகுநாள் இதைச் செல்லின் குப்பைப் பை என்றே பலரும் நினைத்தார்கள். 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு, சுண்டெலிச் செல் அனுப்பிய பையிலிருந்த ஆர்.என்.ஏ.யைக் கொண்டு மனிதச் செல் சுண்டெலிப் புரதம் தயாரிப்பதைக் காட்டியது. குப்பை தபாலாகிவிட்டது.

அந்தத் தபாலை நான் முதலில் சிங்க்கில் ஊற்றினேன். புற்றுநோய்ச் செல்களை வளர்த்த திரவத்தை, அதாவது மீடியத்தை, புவியீர்ப்பைப்போல் 1,00,000 மடங்கு விசையில் 70 நிமிடம் சுழற்றினால் பைகள் ட்யூபின் ஒரு பக்கம் படியும். படிந்த அந்தப் பெல்லட் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே மார்க்கரால் கோடு போட்டு வைக்க வேண்டும். நான் போடவில்லை. "பெல்லட் எங்கப்பா?" என்று கைடு கேட்டபோது சிங்க்கைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அடுத்த முறை கோடு போட்டேன். துகள் எண்ணும் கருவியின் திரையில் வெளிச்சப் புள்ளிகள், கணக்கு கோடிகளில். புற்றுநோய்ச் செல்கள் இவ்வளவு பேசுகின்றனவா! லேப் முழுக்கப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். சீனியர் அக்கா மட்டும், சால்னாவைத் தொட்டபடியே கேட்டார்: "செல்லே போடாத மீடியத்தை எண்ணிப் பாத்தியாடா?"

பார்த்தேன். ஏறக்குறைய அதே எண்ணிக்கை. செல்லுக்குத் தீனியாக ஊற்றும் கன்றுச் சீரத்தில் கன்றின் சொந்த நுண்பைகள் ஏராளம். அவற்றை முதலில் நீக்க வேண்டுமாம். நான்கு மாதம் மாட்டின் தபாலைப் பிரித்துப் படித்திருக்கிறேன். பரோட்டாக் காசை யாரும் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது தவறு அதிகப்படி அக்கறையால் வந்தது. பைகளைப் பிரிக்க வாங்கிவந்த நோயாளிகளின் ரத்தம் கெட்டுவிடக் கூடாதே என்று இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் லேபிலேயே எடுத்தது, உடனே சுழற்றிவிட்டேன். தட்டணுக்கள் குளிர்பட்டால் கிளர்ந்து நுண்பைகளை உதிர்க்கும். பீட்டர் உல்ஃப் 1967இலேயே 'தட்டணுத் தூசி' என்று எழுதிவைத்த சமாச்சாரம்தான். நோய்க்கும் நலத்துக்கும் இடையே நான் கண்ட மாபெரும் வித்தியாசம், ஃபிரிட்ஜுக்கும் மேஜைக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தப் பைகள்மேல் எனக்குப் பொறாமையே உண்டு. புற்றுநோய்ச் செல் விடும் பையின் மேல் எந்த இன்டெக்ரின் புரதம் ஒட்டியிருக்கிறதோ, அதைப் பொறுத்து அது நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்ந்து, பின்னால் வரப்போகும் கட்டிக்கு இடம் தயார் செய்கிறது. 2015இல் டேவிட் லைடன் குழு காட்டியது இது. கெட்ட காரியம்தான், ஆனால் முகவரி பிசகுவதில்லை. நான் மார்க்கரால் எழுதிய முகவரியோ ஸ்பிரிட் பட்டதும் அழிந்துவிட்டது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் பெயரில்லாமல் பதினொரு ட்யூப்கள் கிடக்கின்றன. மனிதனுடையதா, மாட்டினுடையதா, தெரியாது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.