காலையில் ஸ்ட்ராங், மாலையில் லைட், இரவில் சுக்கு

கேள்வி: காலையில் முதல் டீ எதுவாக இருக்கலாம்? (தேனி வாசகர்)

பதில்: பாலைத் தாங்குகிற டீயாக இருக்க வேண்டும். அஸ்ஸாம் சிடிசி அதற்கென்றே பிறந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் இந்த முறை 1930களில் அஸ்ஸாமில் வந்தது. குருணையில் சாயம் சீக்கிரம் இறங்கும். பால் ஊற்றினாலும் ருசி அமுங்காது. வெறும் வயிற்றில் டீ குடித்து நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் முதலில் ஏதாவது கடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இட்லிக்கும் டீக்கும் ஜோடி சேருமா? (விழுப்புரம் வாசகி)

பதில்: நாக்குக்குச் சேரும், ரத்தத்துக்குச் சேராது. டீயின் துவர்ப்புப் பொருள்கள் பருப்பு, கீரை, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு குடிக்க எலுமிச்சை ஜூஸ் நல்லது. அது இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

கேள்வி: பதினொரு மணிக்கு ஆபீசில் கண் சொக்குகிறது. என்ன டீ குடிக்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: பக்கத்து மலையிலேயே மருந்து இருக்கிறது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (குருணையாக்காமல் இலையாகவே சுருட்டிய) டீயைப் பாலில்லாமல் போடுங்கள். ஒரு கோப்பை கொதிநீருக்கு ஒரு டீஸ்பூன் இலை போட்டு, மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் பறித்த இலை கிடைத்தால் விடாதீர்கள். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் மணம் இலையிலேயே திரண்டு நிற்கும்.

கேள்வி: க்ரீன் டீ குடித்தால் வாயெல்லாம் கசக்கிறது. எப்படித்தான் குடிக்கிறார்களோ? (சேலம் வாசகி)

பதில்: ஆறவைத்த தண்ணீரில் போட்டுக் குடிக்கிறார்கள். கொதிக்கும் நீரை ஊற்றினால் க்ரீன் டீ பழிவாங்கிவிடும். அடுப்பை அணைத்து, தண்ணீர் 80 டிகிரிக்கு இறங்கியதும் இலையைப் போட்டு, இரண்டே நிமிடத்தில் வடிகட்டுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சரியான டீ இது.

கேள்வி: அதைக் குடித்தால் தொப்பை குறையுமா? (அதே வாசகி)

பதில்: டீ வாங்கக் கடைக்கு நடந்து போய் வாருங்கள், குறையும்.

கேள்வி: மாலையில் பிளேன்டீயா, பால் டீயா? (ஹட்டன் வாசகர்)

பதில்: உங்கள் மலையின் இலைக்குப் பிளேன்டீதான் மரியாதை. திம்புல, நுவரெலியா போன்ற உயர்மலைத் தேயிலையின் நறுமணம் பாலில் தொலைந்துபோகும். இஞ்சி தட்டிப் போட்டு, சீனியைக் குறைத்துக் குடியுங்கள். பால் டீதான் வேண்டுமென்றால் தாழ்நிலத்து ருகுணு தேயிலை இருக்கிறது. அதற்கு நிறமும் திடமும் அதிகம்.

கேள்வி: ஒரு நாளின் கடைசி டீ எத்தனை மணிக்கு? (திருச்சி வாசகர்)

பதில்: நாலு மணிக்கு. ஒரு கோப்பை டீயில் சுமார் 40, 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. அதில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். எட்டு மணிக்கு டீ குடித்துவிட்டுப் பத்து மணிக்குத் தூக்கத்தைக் கூப்பிட்டால் எப்படி வரும்? கர்ப்பிணிகள் காபி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது.

கேள்வி: எனக்கு வேலையே இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. நான் என்ன செய்வது? (மதுரையிலிருந்து ஒரு நர்ஸ்)

பதில்: உங்களுக்கு விடியல் இரவு எட்டு மணி, சகோதரி. பணிக்குப் போனதும் ஸ்ட்ராங் டீ, நள்ளிரவில் லைட் டீ, இரண்டு மணிக்கு மேல் வெந்நீர். காலையில் வீடு திரும்பியதும் நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டும். ஊர் தூங்க நீங்கள் விழித்திருக்கிறீர்களே!

கேள்வி: ராத்திரி சூடாக ஏதாவது குடிக்காமல் படுக்கப் பிடிக்கவில்லையே? (காரைக்குடி ஆச்சி)

பதில்: சுக்கு மல்லியைத் தட்டிக் கொதிக்கவிட்டு, கருப்பட்டி போட்டுக் குடியுங்கள், ஆச்சி. துளசியும் எலுமிச்சைப்புல்லும்கூட நல்லவை. தேயிலை சேராததால் கஃபீன் கிடையாது. கடையில் வாங்கினால், சுக்குக் காபியில் காபித்தூளைச் சேர்க்க வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆவி பறக்கக் குடித்தால்தானே டீ? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: ஆற்றிக் குடித்தாலும் டீதான். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் எச்சரித்தது. டீ மாஸ்டர் தூக்கி ஆற்றுவது தொண்டைக்கும் பாதுகாப்பு.

கேள்வி: வேளைக்கொரு டீ வாங்கக் கட்டுப்படியாகாது. ஒன்றே ஒன்று வாங்குவதானால்? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: நீலகிரி இலை டீ வாங்குங்கள். காலையில் கூடுதலாகப் போட்டுப் பாலோடு கொதிக்கவிடலாம். மற்ற வேளைகளில் குறைவாகப் போட்டு வடிகட்டலாம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வு தர உருவான டான்டீயும், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை ஒருங்கிணைக்கும் இன்கோசர்வும் இருப்பது அந்த மலையில்தான். அடுத்த முறை பாக்கெட்டைத் திருப்பி, எந்த மலை, எந்த மாதம் என்று படித்துவிட்டு வாங்குங்கள். இலை பறித்த கைகளுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.