தொண்ணூறு வோல்டேரும் ஒரு முத்துக்குளிப்பும்

இலக்கியம் வாசித்தால் ஆங்கிலச் சொல்வளம் பெருகும் என்பது ரியூசன் கொட்டில்களின் மாறாத மந்திரம். ஏ-32 வீதியோர வெள்ளாங்குளத்துப் பிள்ளைக்கும் டிக்கன்ஸ்தான்: லண்டன் பனிமூட்டத்துக்குச் சொல் தாராளம், கரைவலைக்கு ஒன்றுமில்லை.

தூரத்து இலக்கியம் இந்தக் கரையில் கைகொடுக்காதது பழைய கதை. பிறகு எழுத்தாளரான ஆங்கிலேயர் லெனார்ட் வுல்ஃப் 1904இல் இலங்கைக்கு உத்தியோகம் பார்க்க வந்தபோது வோல்டேரின் 90 தொகுதிகளையும் ஒரு நாயையும் கொண்டுவந்தார். 1906இல் மன்னார்க் கரையில், மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் வேலை. குவித்து அழுகவிட்ட சிப்பி நாற்றத்துக்கு நடுவே தமிழ்ச் சுழியோடிகளோடு பேச வோல்டேர் வரவில்லை. துரை தமிழ் படித்துப் பரீட்சை எழுதியிருந்ததுதான் கைகொடுத்தது.

அந்த நாற்றம் பின்னாளில் ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற அவருடைய ஆங்கிலக் கதையில் ஏறியது. நம்முடைய கடலுக்கு ஆங்கிலம் தேடும் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம்தான். ஆனால் மாஸ்டர் டிக்கன்ஸ் நோட்ஸை ஏற்கெனவே போட்டோக்கொப்பி எடுத்து அடுக்கிவிட்டாரே!