விளக்கணைந்தபின் வாய்திறப்போர்: மயிலை, மாம்பலம், அடையாறு வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பகல் முழுவதும் "ம்", "சரி", "பார்க்கலாம்" என்ற மூன்றே சொற்களில் குடித்தனம் நடத்துகிற ஒருவர், இரவில் விளக்கை அணைத்து, ஃபேனை மூன்றில் வைத்து, போர்வையை இழுத்துக்கொண்ட மறுகணம், என்றோ ஒரு கல்யாணத்தில் தன் பெரியப்பாவுக்கு முதல் பந்தியில் இலை கிடைக்காமல் போன வரலாற்றை ஆதியோடந்தமாக எடுத்துரைப்பது ஏன்? தென்சென்னையின் தூக்கத்தைக் கெடுத்துவரும் இக்கேள்வி முனைவர் பட்டத்துக்கு முற்றிலும் தகுதியானது. பட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்காக இக்கட்டுரை.

இத்தகையோர் இனி 'இரவுவாயர்' எனப்படுவர். எதிரினத்தார் 'பகல்வாயர்'. இவ்விரு இனத்தாரையும் ஒரே கட்டிலில் சேர்த்துவைப்பதில் நம் ஜாதகப் பொருத்தம் தவறுவதே இல்லை.

முன்னோர் மொழிந்தவை

தொல்காப்பியர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து, நள்ளிரவை ஒட்டிய யாமத்தைக் குறிஞ்சிக்குக் கொடுத்தார். அந்த யாமத்தில் பெரியப்பாவின் இலை பற்றிய பேச்சுக்கு அவர் இடம் வைக்கவில்லை. ஆனால் செய்யுளியலில் நமக்கு ஒரு துப்பு இருக்கிறது. அகப்பாட்டில் தந்தைக்கும் தமையனுக்கும் நேரடிக் கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. "அப்பா வேண்டாங்கறார்" என்று அம்மா வந்து அறிவிக்கும் வீடுகள் இவ்விதியை இன்றும் பிசகாமல் காத்துவருகின்றன. ஆக, சிலருக்குப் பகலில் கூற்று மறுக்கப்படுவது இலக்கணப்படியே பழைய ஏற்பாடு.

அடுத்த சான்று வடபழனியிலிருந்து. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில், ஓவியர் சங்கரின் கைவண்ணத்தில் தோளில் பிணமும் கையில் வாளுமாக மாதாமாதம் நடந்த விக்கிரமாதித்தனை நாம் அறிவோம். அவன் வாய்திறக்கக் கூடாது. ஆனால் விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இரவுவாயர் நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன உளவியல் நூல் இல்லை. பகலில் வீட்டில் நடக்கும் எல்லா விவாதத்துக்கும் அவருக்கு விடை தெரியும். கேட்க ஆளில்லை. படுக்கப் போகும் நேரத்தில் தலை வெடிக்கும் கட்டம் வந்துவிடுகிறது, சொல்லித் தீர்க்கிறார். உடனே முருங்கை மரம் ஏறுவது பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கம்.

களங்கள்

மயிலாப்பூர்: கபாலீசுவரர் கோயிலில் அர்த்தசாமம் முடிந்து பள்ளியறைக் கதவைச் சாத்தியாயிற்றென்றால் மாட வீதிகளைச் சுற்றியுள்ள ஃபிளாட்டுகளிலும் விளக்குகள் அணையத் தொடங்கும். "ஏன்னா, தூங்கிட்டேளா?" என்பது இங்கே தொடக்கவுரை. விடைக்காக யாரும் காத்திருப்பதில்லை. பேசுபொருள் பெரும்பாலும் ஜாதகம், பூணூல், மாடி வீட்டார் தண்ணீர் மோட்டார்.

தியாகராய நகர்: நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பெயரால் 1920களில் மாம்பலத்தில் எழுந்த இந்தப் பேட்டையில் பகல் என்பதே ஒரு சத்தம். ரங்கநாதன் தெருவில் "வாங்கம்மா வாங்க" என்கிற குரலுக்கு மேலே பேசத் தெரியாதவர் பேசாதவராகவே கணக்கில் வருவார். கடை சாத்தி, கல்லா எண்ணி, வீடு வந்து படுத்த பிறகுதான் அவருக்குத் தன் குரலே தன் காதில் விழுகிறது. "ஏம்மா, முழிச்சிருக்கியா? அந்தப் பாக்கிக்காரன் இன்னைக்கும் வரல."

அடையாறு: பிரம்மஞான சபை 1882இல் குடிவந்த கரை, மௌனத்துக்குப் பழகிய ஊர். இங்கே கிடைக்கும் இரவுவாயர் ஓய்வுபெற்ற தந்தை. மகன் நியூ ஜெர்சியில். நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே கோடையில் நண்பகல் பன்னிரண்டு. மகன் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுகிறான். தந்தை எடுக்கிறார். "நல்லா இருக்கியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." முடிந்தது. அரை மணி கழித்து இருட்டில்: "அவன் இளைச்ச மாதிரி இருந்தானே, கேட்டியா? வேலை எப்படிப் போறதாம்? காரை மாத்தினானா?" இத்தனை கேள்விகளும் தொலைபேசி கையில் இருந்தபோது எங்கே இருந்தன என்பதே இவ்வாய்வின் உயிர்நிலை.

குழந்தைகளும் விலக்கல்ல. "ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்று மாலை நாலு மணிக்குக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்ற குழந்தை, தலையணையில் சாய்ந்ததும், "நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டு போகணும்" என்கிறது. லஸ் முனையில் ஸ்டேஷனரிக் கடை சாத்தி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

பிறர் கோட்பாடுகள்

சுரப்பிக் கோட்பாடு: இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. ஆனால் அது உறக்கத்துக்கு முன்னோடி. பேச்சை அது விளக்காது. உறங்கப்போகும் மூளை காவலைத் தளர்த்துகிறது என்று வேண்டுமானால் கொள்ளலாம்.

அரைகுறைக் கோட்பாடு: முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் நன்றாக நினைவில் தங்குகிறது என்று 1927இல் ப்ளூமா சைகார்னிக் எழுதினார். இரவுவாயரின் பகல் பேச்செல்லாம் பாதியில் வெட்டப்பட்டவையே. வெட்டியவர் பகல்வாயர்.

முகமறைப்புக் கோட்பாடு: வியன்னாவில் ஃப்ராய்ட் தன்னிடம் வந்தவர்களைச் சாய்வுக் கட்டிலில் படுக்கவைத்து, தாம் அவர்கள் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்தார். கத்தோலிக்க தேவாலயங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு நடுவே ஒரு தடுப்பு உண்டு. எதிரில் முகம் இல்லையென்றால் வாய் தானே திறக்கிறது. சாந்தோம் பக்கத்திலேயே இருந்தும் மயிலாப்பூர்க்காரர்கள் இந்த வசதியைத் தங்கள் படுக்கையறையிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள்.

கணப்புக் கோட்பாடு: மானிடவியலாளர் பாலி வீஸ்னர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கலஹாரி பாலையின் வேட்டைச் சமூகத்தார் பகலில் பேசியதில் கதை 6 விழுக்காடுதான். பகலில் அவர்களுக்குப் பிழைப்பும் புகாரும்தான் பேச்சு. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் கதை 81 விழுக்காடு. பெரியப்பாவின் இலையும் கதைதான். பகலில் அதற்கு மவுசு இல்லை.

இயற்கையே ஒருமுறை இதைச் சோதித்துக் காட்டியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்ததில் தென்சென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டிவி இல்லை, சீரியல் இல்லை, பகல்வாயரின் போனில் சார்ஜ் இல்லை. மாலை ஆறரைக்கே இருள். இரவுவாயர்களுக்கு அந்நாள்கள் பொற்காலம்.

இவ்வாய்வின் கோட்பாடு

மேற்கண்டவற்றிலிருந்து நாம் யாத்த நூற்பா:

விளக்கணை காலை வாய்திறந் துரைத்தல்
பகற்பே சார்க்குப் பண்பா கும்மே.

இஃது என் நுதலிற்றோ எனின், பகலில் பேசாதாரது இரவுக் கூற்று உணர்த்துதல் நுதலிற்று. 'விளக்கணை காலை' எனப் பொதுப்பட மொழிந்தமையான் இன்வெர்ட்டர் உள்ள இல்லமும் அடங்கும். 'உரைத்தல்' என்றமையான், கேட்டல் மற்றவர் கடன் என்பது பெற்றாம்.

விளக்கம் எளிது. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இவ்வளவு பேச்சு என்று ஓர் அளவு இருக்கிறது. அதைப் பகல்வாயர் காலை காபியிலிருந்தே எடுத்துச் செலவழிக்கிறார். இரவுவாயர் நுழைய இடைவெளியே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நாலு முகங்கள் திரும்பி, "என்னவோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க" என்று காத்திருக்கின்றன. அப்படிக் காத்திருந்தால் அவருக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். படுக்கையில் யாரும் அவரைக் கேட்பதில்லை, பார்ப்பதில்லை. கேட்கிறவர் கொசுவலையை விட்டு எழுந்து போகவும் முடியாது. அவர் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான். ஆகவே இருட்டு அவரைப் பேச்சாளராக மாற்றுவதில்லை. அவர் எப்போதுமே பேச்சாளர். இருட்டு மற்றவர்களை அடக்குகிறது.

ஓர் ஆட்சேபம்: அப்படியானால் இரவு உணவின்போதே பேச நேரம் ஒதுக்கினால் என்ன? பல வீடுகளில் செய்துபார்த்தாயிற்று. "உங்க மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றால் வரும் விடை "ரசம் கொஞ்சம் விடு" என்பதே.

கேட்போர் இயல்

வில்லுப்பாட்டில் "ஆமா" போடுவதற்கென்றே ஒருவர் உண்டு. அவர் இல்லாவிட்டால் கதை நகராது. படுக்கையறையில் அந்த உத்தியோகம் "உம்" கொட்டுதல். திறமையான கேட்பாளர் முக்கால் தூக்கத்திலும் சரியான இடைவெளியில் உம் கொட்டுவார். "நான் கடைசியா என்ன சொன்னேன்?" என்று தேர்வு வைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வோர் மயிலாப்பூர்த் தலபுராணத்தைக் கேட்டிருக்கவேண்டும். தட்சிணாமூர்த்தியாகப் பேசாமலேயே பாடம் நடத்தும் சிவன், ஒருநாள் உமையிடம் ஐந்தெழுத்தின் பொருளை வாய்விட்டு உரைத்தார். அருகே ஒரு மயில் தோகை விரித்தது. அம்மையின் கண் அங்கே போயிற்று. நீயும் மயிலாகக் கடவது என்று சாபம். மயிலுருவில் புன்னை மரத்தடியில் தவமிருந்து மீண்டாள். பேசாதவர் பேசும்போது கவனியாததால் புகழ்பெற்ற ஊர் உலகில் வேறு இருக்க முடியாது.

இன்றைய மயில் கைபேசி. தோகையில் எத்தனை கண்ணோ அத்தனை ரீல்ஸ். இரவுவாயர் தொடங்கும் வேளையில் பக்கத்துத் தலையணையில் ஒரு முகம் நீல வெளிச்சத்தில் தெரிகிறது. முகம் தெரிந்துவிட்டால் முகமறைப்பு கெட்டது. இருளின் பயன் போயிற்று. அவர் "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பகலில் இடம் இல்லாதவருக்கு இருந்த ஒரே அரை மணி நேரமும் இப்படிக் கை நழுவுகிறது. இரவுவாயர் அருகிவரும் இனமாகிறார் எனில், காரணம் இதுவே.

பரிந்துரைகள்

கைபேசிகள் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். பள்ளிகள் சார்ட் பேப்பர் செய்தியைப் பெற்றோருக்கு மாலையிலேயே அனுப்பட்டும். அடையாற்றுத் தந்தையர், மகன் கூப்பிடும்போது அறை விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தபடி போனை எடுத்துப் பார்க்கலாம், பலன் இருக்கும். "தூங்கிட்டியா?" என்ற வினாவுக்கு "ஆமாம்" என விடையளிப்பது எக்காரணம் கொண்டும் ஏற்கத்தக்கதன்று.

மேலாய்வுக்குரியது ஒன்று எஞ்சியிருக்கிறது. நாள் முழுதும் பேசிய பகல்வாயர், தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுவது எவ்வாறு? சொல்லாமல் மிச்சம் வைத்தது அவரிடம் எதுவும் இல்லை என்பது நம் முதற்கருதுகோள். சரிதானா என்று அவரையே கேட்டுவிடலாம். காலை காபிக்கு உட்கார்ந்து கேட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லி முடித்துவிடுவார்.