ஆட்டுக்கு மட்டும் இலவசம்

வெள்ளிக்கிழமை விடியலில், கீழக்குயில்குடியிலிருந்து நாலு ஆட்டை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் சந்தைக்குக் கிளம்பும் குட்டியானை வண்டி, நாகமலைப் புதுக்கோட்டையில் பைபாஸ் ஏறிக் கப்பலூர் டோல்கேட்டில் போய் நிற்கும். ஃபாஸ்டேக்கில் காசு இல்லையா? ரொக்கமாகக் கட்டினால் கட்டணம் இரட்டிப்பு. ஆட்டுக்கு மட்டும் இலவசம். அதற்கும் வசூலிக்கலாம் என்று இன்னும் டோல்கேட்காரர்களுக்குத் தோன்றவில்லை.

நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி கூடாது என்கிறது 2008-ஆம் ஆண்டு விதி. காரணத்தை எழுதி வைத்தால் நெருங்கி வரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. எழுதத் தெரிந்தவர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? திருமங்கலத்துக்காரர் வாசல் தெளிக்கும் தண்ணீர் தெறிக்கிற தூரத்தில் சாவடி உட்கார்ந்துவிட்டது. கடையடைப்பு, மறியல், பேச்சுவார்த்தை, மறுபடி மறியல். 2024 ஜூலையில் உள்ளூர் வண்டிக்குப் பாதிக் கட்டணம் என்றார்கள். அதற்குப் பெயர் சலுகையாம்! ஊரே சாலையில் உட்கார்ந்தது.

கீழக்குயில்குடிக்கு இதெல்லாம் பழைய கதை. 1914-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் முதலில் பாய்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. கைரேகை வை, ராத்திரிச் சீட்டு வாங்கு, எல்லை தாண்டினால் பதில் சொல். இங்குள்ள கள்ளர் சமூகத்தார் ஊர்க்காவல் பார்த்துவிட்டு, காவல் கூலி என்று காசு பிடுங்குகிறார்கள் என்பது வெள்ளைக்காரனின் புகார்களில் ஒன்று. காவலுக்குக் காசு வாங்கினால் பிறவிக் குற்றவாளி! 1947-இல் சட்டம் ஒழிந்தது. காவல் கூலியை மட்டும் சர்க்கார் தானே எடுத்துக்கொண்டு, பயன்பாட்டுக் கட்டணம் என்று பலகை மாட்டிவிட்டது. ராத்திரிச் சீட்டுக்குப் பதில் ஆதாரும் ஆர்.சி. புக்கும்.

அந்தக் காவல்காரனை டோல்கேட்காரர்களோடு சேர்த்துப் பேசுவதே பாவம். காவலில் இருந்த மாடு களவு போனால் அவன் மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் கைக்காசில் ஈடுகட்ட வேண்டும். கூலிக்குப் பொறுப்பு இருந்தது. இங்கே பள்ளத்தில் டயர் கிழிந்தால் 1033-க்குப் போன் போட்டுவிட்டு வெயிலில் நில்லுங்கள்.

டோல்கேட் வருகிறது என்று பலகை மேல் பலகையாக எச்சரிப்பார்கள். ஊருக்குள் இறங்கும் வழியைத்தான் தேட வேண்டும். அது தப்பிப்போனால் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வரவேண்டும். எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கிறவன் எதிர்த்திசையில் ஓரமாக டூவீலரை உருட்டுவான். ஒருநாள் லாரி வரும். விசாரணையில், தப்பு செத்தவன் மேல். இறங்க வழி வைக்காதவன் பெயரை எழுத எஃப்.ஐ.ஆரில் கட்டம் கிடையாது.